சவரிராஜ் நடித்த ஒரே படம்

மணி இரவு பதினொன்றே முக்கால். சுவா சூ காங் ரோடு, பத்தாங்கட்டை மைல்கல்லுக்கு அப்பால்... இப்போது அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. எழுபத்தேழில் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும்தான். விளக்குக் கம்பம் கிடையாது. ரோட்டிலிருந்து இடது பக்கமாக ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் கைவிட்ட கல்குவாரி. பாறையை வெட்டி வெட்டிக் குழியாக்கி, குழியில் மழைத்தண்ணீர் நிரம்பி, ஆழம் எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாத பச்சைத் தண்ணீர்.

அந்த மண்பாதையில் ஒரு போலீஸ் வேன் குலுங்கிக் குலுங்கிப் போனது. உள்ளே ஒரே ஒரு பெண்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விடிந்துதான் சவப்பெட்டியை எடுப்பார்கள். அதுவரை யாராவது விழித்திருக்க வேண்டும். இது வேறு யாருக்கோ நடந்ததில்லை. நம் அற்புதராஜின் சின்னம்மா அல்போன்சம்மாளுக்கு நடந்தது. அதோ கடைசி நாற்காலியில் இருக்கிறார் அற்புதராஜ். சந்தேகமிருந்தால் அவரையே கேளுங்கள்.

வேன் நின்றது. அல்போன்சம்மாள் இறங்கினாள். முதலில் வந்தது நாற்றம்... பாசி, ரப்பர், பசை, எல்லாவற்றுக்கும் மேலே பண்ணை வாடை. டார்ச் வெளிச்சத்தில், கரையோரப் பாறைமேல் ஒரு பூதம் கிடந்தது. பச்சைச் செதில். வாத்துக்கால். பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டி ஒட்டிய கண்கள். இரண்டு போலீஸ்காரர்கள் குனிந்து அதன் வயிற்றைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் ஜிப் இருந்தது. ஆனால் ஜிப் வெளியே தெரியக்கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டு ரப்பரை வைத்துத் தூண்டில் நரம்பால் தைத்திருந்தார்கள். உள்ளே இருந்த ஆளால் திறக்கவே முடியாது.

ரப்பர் கிழிந்தது. கொளக்கென்று தண்ணீர் கொட்டியது. உள்ளே இருந்தவர் கழுத்தில், மாதா படத் துணியைக் கயிற்றில் கோத்த உத்தரியம்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றாள் அல்போன்சம்மாள்.

சவரிராஜ் கப்பல் பட்டறையில் முக்குளிப்பவராக இருந்தவர். வெள்ளைக்காரப் படை ஊரைக் காலி செய்த பிறகு அந்த வேலை போனது. ஆனால் தண்ணீர்ப் பைத்தியம் போகவில்லை. இந்தக் கடல் பூதப் படங்கள் வருமே... ஒரு வாரம்கூட ஓடாத சில்லறைப் படங்கள்... அத்தனையும் பார்ப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியை நேரே காலைக் காட்சிக்குக் கூட்டிப்போவார். பூதத்தைத் தூக்கும் தூண்டில் நரம்பு பளிச்சென்று தெரியும். இருவரும் சிரிப்பார்கள். ஆனால் பூதம் தண்ணீருக்குள் இறங்கியதும் சவரிராஜ் சிரிப்பை நிறுத்திவிடுவார்.

"அதோட வாயைப் பாரு அல்போன்சு. குமிழி வருதா? உள்ள ஒரு ஆளு மூச்சு விடுறான். அதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அதனால்தான் வேலாயுதம் வந்து கூப்பிட்டதும் ஓடினார். இந்த வேலாயுதத்தை 'அவர்' என்று சொல்ல வாய் வரவில்லை. கலை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தவன். எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்து வந்து, இருவருமாகச் சேர்ந்து இங்கேயே ஒரு பூதப் படம் எடுத்தார்கள். டைரக்டரும் அந்த வெள்ளைக்காரன்தான், கேமரா பிடிப்பவனும் அவன்தான். பூதம், சவரிராஜ்.

மரண விசாரணையில் வேலாயுதம் சொன்ன வாக்குமூலம் இது: "ஷூட்டிங் முடிஞ்சிருச்சு. கேமராவை மூட்டை கட்டிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டோம். அவரு குடிச்சிருந்தாரு. எங்ககிட்ட சொல்லாம, பூத சூட்டைக் கழட்டாமலே தானா மறுபடி இறங்கிட்டாரு."

குடித்திருந்தாராம். தண்ணீருக்குள் போகிறவன் குடிக்கக்கூடாது என்று இருபது வருடம் சொட்டு தொடாத மனிதர். தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறிய உடம்பு என்ன சாட்சி சொல்லும்? வேலாயுதம் சொன்னதே எழுதப்பட்டது. மாதா கோயில் வாசலில் பெண்கள் குசுகுசுத்தார்கள். "பாவம், குடிகாரன் பொண்டாட்டி."

அல்போன்சம்மாள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு வந்தது அழுகையில்லை... ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடுதான் வேலைக்குப் போனாள், அரிசி களைந்தாள், செபமாலை உருட்டினாள்.

இரண்டு வருடம் போனது.

அவள் வேலை பார்த்தது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில். இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டுகிற வேலை. எழுபத்தொன்பதில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தியேட்டருக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புதுப் போஸ்டர். நீச்சலுடையில் ஒரு பெண் அலறுகிறாள். அவள் காலைப் பிடித்து இழுக்கிறது ஒரு பச்சைக் கை.

அந்தச் செதில் அவளுக்குத் தெரியும்.

அன்று கூட்டமான கூட்டம். தலையை ஒட்ட வெட்டிய நேஷனல் சர்வீஸ் ராணுவப் பையன்கள், ஜூரோங் ஃபாக்டரிப் பெண்கள், இருட்டைத் தேடி வந்த ஜோடிகள். கையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். நன்றாயில்லாத படம் என்று தெரிந்தேதான் வந்திருந்தார்கள். பயப்படவும் வேண்டும், பக்கத்துச் சீட்டுக்காரனோடு சேர்ந்து சிரிக்கவும் வேண்டும். பூதம் திரும்பியபோதெல்லாம் தியேட்டரே ஒரே குரலில் "ஜிப்பு! ஜிப்பு!" என்று கத்தியது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும் ஒருகாலத்தில் அப்படிச் சிரித்தவள்தான்.

ஏழாவது ரீல். பச்சைத் தண்ணீரில் பூதம் தனியாக. ஜிப்பு தெரியவில்லை... இந்தக் காட்சியில் மூடித் தைத்திருந்தார்கள். வாயிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக ஏறின. பிறகு ஒன்று... ஒன்று... பிறகு எதுவுமில்லை. குமிழி நின்ற பிறகும் கைகள் ஆடின. இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தன. நாலு இழுப்பு. முக்குளிக்கிறவர்கள் பாஷையில் நாலு இழுப்பு என்றால், உடனே தூக்கு. மறுபடி நாலு. மறுபடியும் நாலு. பிறகு கைகள் முதுகுப் பக்கம் போய்த் துழாவின. பிறகு... மெதுவாகின.

விசில் பறந்தது. "செமையா ஆக்ட் பண்றான்டா!" என்று ஒரு குரல். கைதட்டல்.

அல்போன்சம்மாள் டார்ச்சை அணைத்தாள். சாப்பிடப் போயிருந்தார்களாம். கேமராவை மூட்டை கட்டியிருந்தார்களாம். கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எடுத்ததை டிக்கெட் போட்டு வேறு காட்டுகிறார்கள்.

படம் முடிந்ததும் நேரே ஆபரேட்டர் அறைக்கு ஏறினாள். அப்துல் கையூம், பத்து வருடமாக அங்கே மெஷின் ஓட்டுகிறவர்.

"பாய், அந்த ஏழாவது ரீல்ல செத்துக்கிட்டு இருக்கறது என் புருஷன்."

கையூம் கையிலிருந்த ரீலைக் கீழே வைத்தார். "போலீஸ்ல சொல்லிடலாமேம்மா" என்றார்.

"என்னன்னு சொல்றது? மூஞ்சியா தெரியுது? ரப்பரு ஆடுது. நடிப்புன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவான். அவன் வாயிலேருந்து வரணும் பாய். அவன் வாயாலயே வரணும்."

அந்த வாரம் முழுக்க, ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் அதைப் பார்த்தாள். லீவு போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். அவர் சாகும்போது ஒருவராவது கைதட்டாமல் நிற்க வேண்டாமா?

மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாற்றம். ஏழாவது ரீல் ஓடும்போது மட்டும். பாசி, ரப்பர், பசை... ஏர்கான் குழாயில் எலி செத்திருக்கும் என்று மேனேஜர் ஆளை விட்டுத் தேடினார். கூட்டமோ, படத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது. அடுத்த நாள் இன்னும் கூட்டம்.

வியாழன், கடைசிக் காட்சி. மறுநாள் வேறு படம். ரீல் பெட்டிகளை எடுத்துப்போக வேலாயுதமே காரில் வந்தான். அதற்குள் தியேட்டர் காலி. மணி பன்னிரண்டு இருக்கும்.

"ஏழாவது ரீல்ல ஏதோ கோளாறு சார். கொண்டுபோறதுக்கு முன்ன ஒருதரம் பாத்துடுங்க" என்றார் கையூம்.

"சீக்கிரம் போடுங்க லா. எனக்கு வேலை இருக்கு."

அல்போன்சம்மாள்தான் டார்ச் அடித்து அவனை நடு வரிசையில் உட்கார வைத்தாள். ஏறிட்டுப் பார்த்தான். அவள் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. புருஷனைக் கொன்றவனுக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை.

அவன் சீட்டுக்கு நேர் பின்னால் போய் நின்றாள்.

பச்சைத் தண்ணீர். குமிழி. கயிறு.

"நாலு தடவை இழுத்தாரு. எண்ணுனியா?"

வேலாயுதம் வெடுக்கென்று திரும்பினான். "யாரு?"

"குடிச்சிருந்தாருன்னு சொன்னியே... அவரு பொண்டாட்டி."

எழுந்தான். "பாய், நிறுத்து! நிறுத்துங்கிறேன்!"

மேலே ரீல் முடிந்து, வால்பக்கம் 'டப்... டப்... டப்' என்று அடித்துக்கொள்வது கேட்டது. மெஷின் ஓய்ந்தது. கார்பன் விளக்கும் அணைந்தது. கையூம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

"அம்மா... நான் நிறுத்திட்டேன்... இங்க எதுவும் ஓடல..."

திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

பூதத்தைக் காணோம். இப்போது தெரிந்தது தண்ணீர் மட்டம்... அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியுமே, அப்படி. வெள்ளிக் காசு மாதிரி மேலே ஆகாயம். அதை நோக்கிப் போகும் ஒரு கயிறு. கயிற்றின் மறு நுனியில், அலையில் நெளிந்து நெளிந்து, பாறைமேல் நிற்கும் ஒரு ஆள். வேலாயுதம். கயிறு அவன் கையை நாலு முறை இழுக்கிறது. பக்கத்தில் மிதவைப் பலகைமேல் குப்புறக் கிடக்கும் வெள்ளைக்காரனைப் பார்க்கிறான். வெள்ளைக்காரன் ஒரு விரலைத் தூக்குகிறான், பொறு என்று.

கயிறு மறுபடி இழுக்கிறது. பாறைமேல் நிற்கும் வேலாயுதம் கயிற்றைக் கீழே போட்டு, நழுவாமல் இருக்க அதன்மேல் காலை வைத்துக்கொள்கிறான்.

அல்போன்சம்மாளின் கணுக்கால் சில்லிட்டது. குனிந்து பார்க்கவில்லை. காலில் மாட்டியிருந்த துணிச் சப்பாத்து தொப்பலாக நனைந்துகொண்டிருப்பது தெரிந்தது.

எழுந்து நின்ற வேலாயுதம் சீட்டில் உட்கார்ந்தான். அவளிடம் பேசவில்லை. திரையைப் பார்த்துப் பேசினான்.

"தூக்கத்தான் போனேன் சவரி... இன்னும் கொஞ்சம், நல்லா வருதுன்னு அவன்தான் விரலைக் காட்டுனான்... கொஞ்ச நேரம்தானேன்னு நெனச்சேன்... சத்தியமா கொஞ்ச நேரம்தான்..."

"எத்தனை நேரம்?" என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாரு. முழுசாப் பாரு. கண்ணை மூடுன, நான் திறப்பேன். விடிஞ்சதும் போய், இப்ப சொன்னதையே அங்க சொல்லு. குடிக்கலைன்னு முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

விடிந்ததும் வேலாயுதம் தானாகவே போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனான். கார் தியேட்டர் வாசலிலேயே நின்றது. மறுபடி விசாரணை நடந்தது. சவரிராஜ் குடித்திருக்கவில்லை என்று இந்த முறை எழுத்தில் வந்தது. அந்தக் காகிதத்தை அல்போன்சம்மாள் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை முடிந்து வெளியே வந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தமாகப் படித்தாள். ஒரு எழுத்து விடவில்லை. வேலாயுதம் ஜெயிலுக்குப் போனான். வெள்ளைக்காரன் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தான். அவன் பெயரைச் சொன்னால் கடைசிவரை அவள் உதடு நடுங்கும். ஆத்திரம் அடங்கவேயில்லை, அடங்க வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை.

ரீலைப் போலீஸ் எடுத்துப் போட்டுப் பார்த்தது. அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்குள்தான். பூதம் கையை ஆட்டுவது மட்டும்தான். அடியிலிருந்து பார்த்த காட்சி எதுவும் அதில் கிடையாது. இன்ஸ்பெக்டர் வேலாயுதத்திடம் கேட்டார், "அன்னிக்கு எத்தனை கேமரா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். கண்ணாடித் தொட்டிக்குள்ள வச்சு, பலகை மேலேருந்து பாதி தண்ணியில இறக்கி வச்சிருந்தாரு."

அந்த ஒரே கேமராவைத்தான் அன்று இரவு மூன்று பேரும் திரையில் பார்த்தார்கள். கண்ணாடித் தொட்டி, அதற்குள் கறுப்பாக லென்ஸ், அதன் பின்னால் வெள்ளைக்காரனின் முகம். எல்லாம் மேலே இருந்தன.

இன்னொன்றை அல்போன்சம்மாள் போலீஸிடம் சொல்லவில்லை. சாகும் முன் அற்புதராஜிடம் மட்டும் சொன்னாள். அந்தப் படம் நடுநடுவே இருண்டதாம். சட்டென்று இருண்டு, சட்டென்று வெளுக்கும். மெஷின் கோளாறு என்று முதலில் நினைத்தாளாம்... மெஷின்தான் ஓடவில்லையே. மேலிருந்து கீழே ஒரு இருட்டு, கீழிருந்து மேலே ஒரு இருட்டு, இரண்டும் இமைபோல நடுவில் வந்து சேரும். பிறகு பிரியும். போகப் போகப் பிரிய நேரமானது.

கடைசியாக ஒருமுறை சேர்ந்தது. திரை கறுப்பாகவே நின்றது. மூன்று பேரும் விடியும்வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.