வாய்க்கா ராஜாவுக்கு ஒரு துண்டு

— அந்தப் பொண்ணு எதுன்னு சொல்லித் தொலையேன், அம்சம்.

— நீங்களே கண்டுபிடிங்க. வேணாம்னு சொல்லத்தான வந்திருக்கீங்க, ஆளு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன.

— வேணாம்னா வேணாந்தான். நாடகத்துல ஆடுற பொண்ணு வீரையன் வீட்டுக்கு மருமகளா வர முடியாது. நம்ம பய இளம்பரிதிகிட்ட போன்லயே சொல்லிட்டேன். நீதான் ஒருக்கா பாத்துட்டு சொல்லுங்கன்னு குடவாசல்லேருந்து ரெண்டு பஸ் மாத்தி தஞ்சாவூருக்கு இழுத்தாந்துட்ட.

— ஆட்டத்த முழுசா பாருங்க. எழில்மொழிய நேர்ல பாத்து, பிடிக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க. நானே பிள்ளைகிட்ட பேசி இத முடிச்சு விட்டுர்றேன். அதானே பேச்சு?

— அதான் பேச்சு. சீட்டு என்ன இப்புடி மெத்து மெத்துன்னு இருக்கு?

— அந்தக் காலத்துல இது மிராசுதார் வரிசையாம். டிக்கெட் கிழிச்சவரு சொன்னாரு.

— எங்கப்பா இந்தக் கொட்டகைக்கு வண்டி கட்டி மிராசுதார கொண்டாந்து எறக்கிட்டு, ஆட்டம் முடியிற வரைக்கும் வெளியில மாட்டோட நிப்பாரு. பாட்டு மட்டும்தான் காதுல விழும்பாரு.

— அதான் கால அகட்டி உக்காந்திருக்கீங்களா? மடக்குங்க, பாய் உக்காரணும்.

— உக்காருங்க பாய். எங்கப்பாவுக்கும் சேத்து உக்காந்துட்டேன்.

— விளக்க அணைச்சுட்டாங்க, பேசாம பாருங்க.

— இந்தா வந்துட்டா. செவப்புச் சேலை, தலை நெறைய பூ. இவதான?

— நான் ஒண்ணும் சொல்லல.

— இவளேதான். ராசகுமாரியாம். கண்ண உருட்டுறத பாரு. இவளா நம்ம வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறா?

— மாட்டத்தான் வித்தாச்சே.

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அது யாரு, மீசைக்காரன்?

— அவருதாங்க வாய்க்கா ராஜா. ஏழு மாசமா ஊர் ஊரா இந்த நாடகத்துக்குக் கூட்டம் அம்முறதே இந்த ராஜாவுக்காகத்தானாம்.

— குரலு கொஞ்சம் எளசு. ஆனா கணீர்னு கடைசி வரிசை வரைக்கும் போவுது. ராஜாவா இருந்துக்கிட்டு மம்பட்டியோட வர்றானே?

— கதையே அதாங்க. கடைமடை காஞ்சு கெடக்குன்னு ராஜாவே வாய்க்கா வெட்ட எறங்குறாரு.

— இரு, பேசாத. மடைய அடைக்கிறான்.

— அடைக்கட்டும்.

— நீ பாரு. மேடையில நெசமான மண்ணையே கொட்டி வச்சிருக்காங்க. மொதல்ல வைக்கோப் பிரி, அதுக்கு மேல புல்லு வேரோட வெட்டுன மண்ண கவுத்துப் போட்டு, குதிகாலால மிதிக்கிறான். இது நாடகத்துக்குச் சொல்லிக் குடுத்து வராது. சேத்துல நின்ன காலு இது.

— நீடாமங்கலம் பக்கம்னு கேள்வி.

— சொன்னேன்ல. நம்ம பயலும் இருக்கானே. போன தாளடி நடவுக்கு மடைய அடைச்சுட்டு வாடான்னு அனுப்புனா, அடைச்சுட்டேன்னு போட்டோ அனுப்புறான். போட்டோவுலயே தண்ணி ஓடுது.

— எதுக்கு வந்தோமோ அத பாருங்க.

— பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ராஜா எட்டித்தான் நிக்கிறான், இவதான் போய்ப் போய் ஒட்டுறா. அவன் தங்கமான பய.

— அந்த ராஜா மாதிரி ஒரு ஆளு நம்ம வீட்டுக்கு வந்தா?

— மேட்டு வயல எழுதி வச்சுருவேன்.

— தண்ணி ஏறாத வயலு யாருக்கு வேணும்?

— ஏத்தத் தெரிஞ்ச கையில குடுத்தா ஏறும். நமக்குத்தான் பொண்ணு இல்லாம போச்சு. இருந்திருந்தா இந்நேரம் மேடைக்கே போயி மாப்பிள்ளன்னு கையப் புடிச்சிருப்பேன்.

— நெசமாத்தான் சொல்றீங்களா?

— வீரையனுக்கு நாக்கு ஒண்ணுதான்.

— பாய், நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?

— இந்த வரிசையே கேட்டுச்சும்மா. கொஞ்சம் பாட்டையும் கேக்க விடுங்க.

— சரி பாய், மன்னிச்சுக்குங்க.

— ஆட்டம் முடிஞ்சு திரையும் எறங்கிருச்சு, இன்னும் கைதட்டிக்கிட்டு நிக்கிறீங்க. வாங்க, உள்ள போயி எழில்மொழிய பாத்து முடிவ சொல்லிருவோம்.

— அவ கெடக்கா. மொதல்ல ராஜாவ பாக்கணும். தோள்ல கெடக்குற துண்டு புதுசு, அவனுக்குப் போடணும்.

— பொங்கலுக்கு எடுத்தது. எனக்குத் தலை தொவட்டவே குடுக்க மாட்டீங்க.

— வழி விடுங்கப்பா. தம்பி, குனி. இதையே பொன்னாடையா நெனச்சுக்க. நான் அம்பது வருஷமா மடை அடைக்கிறவன். எங்கப்பா இந்தக் கொட்டகைய வாசலோட பாத்துட்டுப் போனவரு. இன்னைக்கு நீ மிதிச்ச மிதிய அவரு பாத்திருக்கணும். ஏன் தம்பி சிரிக்கிற?

— உங்களுக்கு மேட்டு வயலயும் எழுதி வைக்கிறாராம். பாய் சாட்சி.

— சொன்னேன்தான். ஒன்ன மாதிரி ஒரு ஆளு எங்க வீட்டுக்கு வந்தா போதும்னேன், அதுல மாத்தமில்ல. அம்சம், அந்தப் பொண்ணு எங்க நிக்கிது? கூப்பிடு, வேணாம்னு சொல்லிட்டுக் கெளம்புவோம்.

— துண்டப் போட்டுட்டு வேணாங்கிறீங்களே மாமா, நான்தான் எழில்மொழி. மேட்டு வயலுக்குத் தண்ணிய ஏத்திரலாம், கல்யாணத்துக்கு மட்டும் மீசையோட வரவா, எடுத்துட்டு வரவா?