அக்காவுக்குக் கழுத்துதான்

அத்தேன்னு கூப்புடக் கூடாதா? சரி, கூப்புடல. தட்டு மாத்துன அன்னிக்கி நீங்கதான அப்படிக் கூப்புடச் சொன்னீங்க. ஆமா, கஸ்தூரிதான், பத்மா தங்கச்சி. தனியாத்தான் வந்தேன். அம்பத்தூர்லேர்ந்து திருவேற்காட்டுக்கு வர்றதுக்குத் தொணை இன்னாத்துக்கு? ஊட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா உட்டுருக்க மாட்டாங்க.

ஒக்கார்றேன். காப்பி வேணாம். சொல்லிட்டுப் போயிடறேன்.

நேத்து பக்கத்து ஊட்டு நம்பருக்குப் போன் பண்ணி, பொண்ணுக்கு வலிப்பு கீது, கல்யாணம் வேணாம்னு சொன்னீங்க இல்ல? அந்தம்மா எங்கம்மாகிட்ட வந்து சொல்றதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிபோச்சி. அக்கா நேத்துலேர்ந்து சோறு துன்னல. அதான் வந்தேன்.

உங்க சொந்தக்காரரு செங்கல்வராயன் மாமா உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொன்னாராமே. மொதல்ல ஒண்ணப் பேசிடலாம். பூந்தமல்லியில மருந்தில்லாம ஊசி குத்தற டாக்டர் ஊட்லேர்ந்து அக்கா வெளிய வந்தாளாம். ஆமா, வந்தா. அங்க போர்டுல முடக்குவாதம், வலிப்பு, தலவலின்னு எல்லாந்தான் எழுதிக்கீது. மாமா நடுவுல இருந்தத மட்டும் படிச்சிட்டாரு.

அக்காவுக்குத் தலவலி. அம்பத்தூர் எஸ்டேட்டு கம்பெனியில மோட்டாருக்குக் காயில் சுத்தறா, உங்களுக்கே தெரியும். காத்தால குனிஞ்சா சாயங்காலந்தான் நிமிருவா. பொண்ணு பாக்க வந்தப்ப, அடக்கமான பொண்ணு, தலயத் தூக்கவே இல்லன்னு மெச்சிக்கினீங்களே, அது அடக்கம் இல்ல. தூக்க முடியல.

நோவு பின்னங்கழுத்துல ஆரம்பிச்சி, மண்டையச் சுத்திக்கினு வந்து வலது கண்ணுமேல குந்திக்கும். கண்ணாடி போட்டாங்க. தைலம் தடவுனாங்க. மாங்காட்டுல வேண்டிக்கினாங்க. ஒண்ணும் கேக்கல. அந்தப் பூந்தமல்லி தேவராஜ் டாக்டர்தான், மண்டையும் கழுத்தும் சேர்ற எடத்துல கட்டவெரலால அமுக்கி, இப்ப கண்ணுமேல நோவுதான்னு கேட்டாரு. அக்கா அழுதுட்டா. நோவறது மேல, கோளாறு கழுத்துல. அவ்ளோதான்.

நான் கூடவே குந்திக்கினு பாத்தேன். தலமுடி மாதிரி ஊசி. கழுத்துல, தோள்ல, கட்டவெரலுக்குப் பக்கத்துச் சதையில. ரத்தம் கெடையாது. அப்புறம் அவரு சம்சாரம் பேபியம்மா எண்ண போட்டு நீவி உடுவாங்க. கல்லாட்டம் இருந்த கழுத்து போகப் போக எளகிச்சி. வேல செய்யற மேசைக்கு அடியில செங்கல் வச்சி ஒசத்தச் சொன்னாங்க, ஒசத்திட்டா. இப்ப எப்பவாச்சும்தான் வருது. சுத்தமாப் போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன். பொய் எதுக்கு.

வாசலயே இன்னா பாக்கறீங்க? உங்க புள்ள வந்தா வரட்டும், அவரும் கேக்கட்டும்.

ரெண்டாவதா? வர்றேன் இருங்க. ஆவடி பஸ் ஸ்டாண்டுல அக்கா உழுந்து கையும் காலும் இழுத்துக்கினு கெடந்தா, யாரோ சாவிக்கொத்தக் கையில திணிச்சாங்க, அதக் கண்ணால பாத்தேன்னாரு. இல்லன்னு நான் சொல்ல வர்ல. நடந்திச்சி.

மூஞ்சியப் பாத்தாரா, கேளுங்க. சுத்தி ஜனம். பச்சப் பாவாட தெரிஞ்சிருக்கும். பூந்தமல்லியில அக்கா கட்டிக்கினு இருந்த அதே பச்ச. எங்கப்பா தீபாவளிக்கு ஒரே பீஸா கிழிச்சாந்து ரெண்டு பேருக்கும் தெச்சிடுவாரு. உங்க ஊட்லயும் அப்படித்தான தெச்சிருப்பீங்க.

உழுந்தது நான்.

தள்ளி ஒக்கார வேணாம், ஒட்டிக்கறது இல்ல அது. பள்ளிக்கூடத்துலேர்ந்து நின்னதே அதாலதான். தேவராஜ் டாக்டர்கிட்ட மொதல்ல போனதும் எனக்குத்தான். இதுக்கு ஊசி உதவாது, பெரியாஸ்பத்திரி மாத்தரைதான்னு அவரே சொல்லிட்டாரு. தொணைக்கி வந்தவ கழுத்ததான் புடிச்சிக்கினாரு. அக்காவுக்கு வருமான்னா, இதுவரைக்கும் வந்தது இல்ல. நம்பலன்னா எந்த டாக்டரவேணா கேளுங்க, நானே கூட்டிக்கினு வர்றேன்.

வெளிய தெரிஞ்சா என்னிய எவன் கட்டுவான்னு அம்மா மூடி வச்சிக்கினு இருந்தாங்க. நேத்து உங்க போன் வந்தப்பகூட வாயத் தொறக்கல. அக்காவும் தொறக்கல. பட்டினி கெடக்கறா, என் பேரச் சொல்ல மாட்டேங்கறா.

கெளம்பறேன். செங்கல்வராயன் மாமா கேட்டா சொல்லுங்க. யாருகிட்டவேணா சொல்லுங்க. பேர மட்டும் சரியா சொல்லுங்க. கஸ்தூரின்னு.