குடைக்கம்புக்குள் வெள்ளிக் குழல்

என் பெயர் ஷாங்குவான் தெலின், வயது நாற்பத்தேழு, லிந்தோங் பழம்பொருள் சீரமைப்புக் கூடத்தின் குடியிருப்பில் ஆறாம் அறையில் வசிக்கிறேன். சீனத்தின் முதல் பேரரசரின் கல்லறையில் நொறுங்கிக் கிடைத்த வெண்கல ரதங்களை ஒட்டும் வேலை செய்கிறேன்.

1983 செப்டம்பர் 5 திங்கட்கிழமை காலை, பிரிவுத் தலைவர் லெய் செங்யோ, நான் எட்டு மாதம் வரைந்த படங்களில் தன் பெயரை எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, "என்ன வாத்தியாரே, பத்து வருஷம் கிராமத்துல சாணி சுமந்த ஆளு. ராஜா வண்டியில உம்ம பேரு வேற வேணுமா?" என்றார். படித்தவர்களைக் கிராம வேலைக்கு அனுப்பிய ஆண்டுகளைத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மண் சலிக்கும் பெண் தாங் ரூயுன் மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு செவ்வாய் மதியம், குதிரைக் கடிவாளத்தைச் சேர்ந்த கட்டைவிரல் நீள வெள்ளிக் குழலைச் சத்தம் வராதபடி பஞ்சில் சுற்றி, ரதத்தின் குடைக்கம்புத் துளைக்குள் தள்ளினேன். திருடும் எண்ணமில்லை. வியாழக்கிழமை பார்வையிட வரும் தலைநகர் அதிகாரிகள் முன், குழல் இல்லாமல் லெய் தலைகுனிந்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். ஒட்டுமுன் பசையில்லாமல் ஏழு நாள் பொருத்திப் பார்ப்பது கூடத்தின் விதி. அதை நம்பினேன்.

அதன் பிறகு புதன்கிழமை நான் பல்வலிக்கு மருந்து வாங்கப் போயிருந்தபோது, அதிகாரிகளுக்கு முழு ரதமாகக் காட்ட வேண்டி, லெய் விதியை மீறிக் குடையைக் கம்பில் ஒட்டிவிட்டார். நான் திரும்பியபோது பசை இறுகியிருந்தது. அன்று மாலை குழல் காணாமல் போனது தெரிந்து, மதியத்தில் கூடத்தைப் பெருக்குபவர் என்பதால் ரூயுனைப் பிடித்தார்கள். வாசலில் அவர் என்னிடம், "அண்ணே, சட்டை மடிப்பெல்லாம் உதறிக் காட்டிட்டேன். நீங்க படிச்சவரு, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பதினோரு நாள் பேசவில்லை. நேற்று சந்தைச் சுவரில் ஒட்டிய தீர்ப்புத் தாளில், மரண தண்டனையாகச் சுடப்பட்டவர்களின் மூன்று பெயர்கள் மேல் சிவப்பு மைக்குறி இருந்தது. ஒருவன் பழைய செப்புக் கிண்ணம் திருடியவன். கீழே வெற்றிடம் இருந்தது. சீன எழுத்தில் என் பெயருக்கு நான்கு, அவர் பெயருக்கு மூன்றே. இரண்டுக்கும் இடம் போதும்.

இன்று காலை நான் சொன்னதைக் கேட்டு லெய், விசாரணை அதிகாரிகளான உங்கள் முன்னால் கம்பை அசைத்து, "உள்ள ஒண்ணும் ஆடலையே. பொம்பளைக்காக வாத்தியார் கதை கட்டுறாரு" என்றார். பஞ்சு சுற்றியதால் ஆடாது. அந்த இணைப்பை உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரூயுன் பெயர் அந்தச் சுவருக்குப் போகுமுன் திறக்க அனுமதி கேட்கிறேன். கம்பு உடைந்தால் அதற்கும் நானே பொறுப்பு.

யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்னது இது. வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஷாங்குவான் தெலின், 19.9.1983

குறிப்பு: பெருவிரல் ரேகை இருமுறை கலைந்து, மூன்றாம் முறை பதிந்தது.