ரோஜாவுக்குச் சலித்த மண்

திருவெறும்பூர் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் ஒரு தம்பதி. ஸ்ரீரங்கத்தில் அள்ளிய காவிரி வண்டல் மண் மூட்டை மனைவியின் மடியில் இருந்தது.

"குவார்ட்டர்ஸ் செம்மண் இறுகிப்போகுது. ரோஜாவுக்கு வண்டலும் எருவும்தான் சரி. ஒரு கல்லு இல்லாம சலிச்சுப் போடணும்," என்றார் கணவர்.

"எதுல? போன வாரம் மாதிரி என் மாவுச் சல்லடையிலயா?"

"கழுவித்தானே வெச்சேன்?"

"சாணி எருவைச் சலிச்சுட்டுக் கழுவினா ஆச்சா? சோத்துல ஒரு கல்லு கிடந்ததுக்குத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போன மனுஷன்தானே நீங்க?"

"பஸ்ஸுல கத்தாதே."

"கத்துவேன். காலையில இடியாப்பத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அந்த மாவை எதுல சலிச்சேன்னு நெனைக்கிறீங்க? எனக்குப் பழைய சோறே போதும்னு ஏன் சொன்னேன்?"