செவ்வாய்க்கிழமைப் பானை

2024 மார்ச் 20, புதன்

நேற்று வகுப்புக்கு அழிப்பான் எடுத்துப்போக மறந்துவிட்டேன். ஜப்பானிய மொழித் தேர்வில் ஒரு விடையை அடித்துவிட்டு எழுத வேண்டியதாயிற்று. தாள் அசிங்கமாகிவிட்டது. இப்படிப்பட்ட கவனக்குறைவு எனக்குப் பிடிக்காது.

தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலில் குண்டு வெடித்தபோது, நகர மையத்தில், பபேடானில் அந்தத் தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். குண்டை அங்கே மதியமே வைத்தவள் நான். தூரத்தில் நின்று அதை வெடிக்கச் செய்தவன் கார்த்திகேசன். இடமும் நேரமும் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

போலீஸ் வண்டி தினமும் மாலையில் அங்கே நிற்கும். மூன்று வருடங்களுக்கு முன் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எங்கள் தெருப் பையன்களைச் சுட்டவர்கள், எங்கள் குவளையைக் கழுவிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். தண்ணீர் வெயிலில் சூடாகியிருந்தால் முகம் சுளித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். பானையை அப்போதுதான் நிரப்பியிருந்தால் இறங்குவார்கள். ஆகவே அந்த நேரத்தில் யாராவது நிரப்பியாக வேண்டும்.

பானை நிரப்புவது எங்கள் தெருப் பெண்களின் வேண்டுதல், ஆளுக்கொரு கிழமை. செவ்வாய் என்னுடையது. வியாழன் புஷ்பலதா அக்காவுடையது. திங்களன்றே அக்காவிடம் கேட்டேன்.

"பரீட்சை இருக்கு அக்கா. நாளைக்கு என் முறைய நீங்க பாத்துக்கிறீங்களா?"

"போடி போ, ஜப்பான்காரி. பாஸ் பண்ணிட்டு எனக்கும் ஒரு விசா அனுப்பு."

அக்கா நல்லவள் என்று தெருவே இன்று அழுகிறது. நல்லவள்தான். போலீஸ்காரனைத் தம்பி என்று கூப்பிட்டுத் தானே மொண்டு கொடுக்கும் நல்லவள். ஒருமுறை நான் முறைத்தபோது, "உடுப்புப் போட்டவனுக்குத் தாகம் எடுக்காதாடி?" என்று அவர்கள் எதிரிலேயே சிரித்தாள். தமிழ் புரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

இரண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள். அக்காவும்.

காலையில் கார்த்திகேசன் வந்தான். "வண்டி மறைச்சிருச்சு. அக்கா அங்க நிப்பாங்கன்னு நீ ஏன் சொல்லல?"

நிரப்பியதும் போய்விடுவாள் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போது அது உண்மை என்றே பட்டது. இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. வேறு யார் நிரப்பினாலும் அவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா இருந்தால் பேச்சுக் கொடுப்பாள், அவர்களும் நிற்பார்கள். திங்களன்று அவள் வீட்டுப் படியேறும்போதே இதை யோசித்திருந்தேன். பரீட்சை இல்லாவிட்டாலும் அவளிடம்தான் கேட்டிருப்பேன். இதில் கோபம் எதுவும் இல்லை. கோபப்படுகிறவர்களுக்குக் கவனம் சிதறும்.

வேறு போலீஸ்காரர்கள் இன்றே வந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் பந்தல் பக்கம் ஒதுங்க மாட்டார்கள். பிறகு வெயில் ஏறும்.

நாளை செய்ய வேண்டியது: புதுப் பானையும் அழிப்பானும் வாங்குவது. அக்காவின் தங்கை மஞ்சுளாவைப் பார்த்து, வியாழக்கிழமை முறையை இனி அவள் எடுத்துக்கொள்வாளா என்று கேட்பது.