கடைசி மீதி

பகா எண்ணைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள், ஐயா. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். ஏழு, பதின்மூன்று போல. கல்லூரியில் நான் நடத்துவதே அதைத்தான். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

நான் சோதித்த எண் கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்டது. இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போய், முடிவில் ஒன்றைக் கழித்தால் வருவது. இந்த வகை எண்ணுக்குத் தனிச் சோதனை உண்டு. நான்கில் தொடங்கி, வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, நம் எண்ணால் வகுக்க வேண்டும். வரும் மீதியை மறுபடி வர்க்கமாக்க வேண்டும். இப்படியே போய்க் கடைசி மீதி பூச்சியமானால் அது பகா எண். வீட்டுக் கணினி மாதக்கணக்கில் இதைச் செய்துகொண்டிருந்தது.

வீட்டில் அக்காவும் நானும்தான். அம்மா போனபின் துணி தைத்து என்னை ஆளாக்கியவள். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுக்கையில் கிடந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாததால் கணினியை என் பெண்டாட்டி என்பாள். அது சூடாகாமலிருக்க நான் மின்விசிறி வைத்தபோது, வந்தவளுக்கு நடக்கும் உபசாரம் வளர்த்தவளுக்கு இல்லையே என்று சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். ஆனாலும் சிரிப்பாள்.

அன்று மத்தியானம் மழையில் மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. கணினி, ஆக்சிஜன் இயந்திரம் இரண்டையும் இழுக்க முடியாமல் கத்தத் தொடங்கியது. கணக்கோ முடியும் தறுவாயில் இருந்தது. அக்காவின் இயந்திரத்து வயரைப் பிடுங்கினேன்.

அவள் மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். “காத்து வரலையேடா.”

“கரண்ட் இப்ப வந்துரும்க்கா. கொஞ்சம் பொறுத்துக்க.”

“சரிடா,” என்றாள். என் பேச்சை அவள் என்றுமே சந்தேகப்பட்டதில்லை.

அவள் மூச்சிழுக்கும் சத்தத்தில் கவனம் சிதறியது. கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். பிறகு தட்டவில்லை.

கடைசி மீதி பூச்சியமாகவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு குணம் உண்டு, ஐயா. எண் வகுபடும் என்று சொல்லும். எதனால் வகுபடும் என்று மட்டும் சொல்லாது. அக்காவிடம் சொல்லி அழலாம் என்றுதான் கதவைத் திறந்தேன்.

கணினியை நிறுத்தியிருந்தால் அத்தனை மாத உழைப்பும் பாழாகியிருக்குமா என்று உங்கள் நிபுணர் கேட்டார். பாழாகாது. அவ்வப்போது அது தானாகவே சேமித்துக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மிஞ்சிப்போனால் அரைமணி நேர வேலை வீணாகியிருக்கும்.

அந்த அரைமணி காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தெரிந்தேதான் பிடுங்கினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதாதீர்கள். அக்காவை நான் எப்படித் தாங்கினேன் என்று, அவள் இருந்திருந்தால் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.