ஓரிக்கை பஸ்ஸில் நாவல்பழம்

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓரிக்கை போகும் பஸ் இருபத்திரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. எனக்கு முன் இருக்கையில் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும். அவள் மடியில் ஒரு பொட்டலம் நாவல்பழம்.

“அதைக் கையால தொட மாட்டேன்மே. தறியில சந்தனக் கலர் கல்யாணப் பொடவை ஓடிக்கினு இருக்குது. கறை பட்டா முதலாளி தறியை விட்டே எறக்கிடுவாரு.”

“டாக்டர் இன்னா சொன்னாரு? ரத்தத்துல கொழுப்பு ஏறிக்கினு இருக்குது, நெய்யும் வடையும் வுட்டுட்டு நாவப்பழம், நெல்லிக்கா துன்னுன்னாரா இல்லியா?”

“பொடவை முடியட்டும். இன்னும் பத்து நாளு.”

“பத்து நாள்ல சீசனே முடிஞ்சிடும். கையை மடியில வை. வாயைத் தொற.”

“பஸ்ஸுல அத்தினி பேரும் பாக்குறாங்க!”

“பாக்கட்டும். உனுக்கு நெஞ்சு வலிச்சப்போ இவங்களா தூக்கிக்கினு ஓடுனாங்க?”

பஸ்ஸில் பதினேழு பேர் இருந்தோம். ஒருவரும் வேறு பக்கம் திரும்பவில்லை. அவர் வாயைத் திறந்தார். ஏழு பழம் ஊட்டினாள். ஏழு கொட்டையையும் தன் உள்ளங்கையிலேயே வாங்கிக்கொண்டாள்.

“உங் கையெல்லாம் ஊதாவா பூடுச்சே. முதலாளி பாத்தா?”

“எங் கையா அவரு பொடவையை நெய்யுது? கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ தொற, இன்னும் இருக்குது.”